வியன்னாவா, ப்ராகா

ஏப்ரல் 12, சனிக்கிழமை

இன்று என் கணவரின் மண்டையை உடைத்துவிட்டேன். ஐந்து நாள் ஐரோப்பா பயணத்துக்கு நான் ப்ராக் போகலாம் என்று சொல்லியிருந்தேன். அவர் என்னிடம் சொல்லாமலே வியன்னாவுக்கு டிக்கெட் போட்டுவிட்டார். ஏன் என்றேன்.

"உனக்கு என்னடி தெரியும்? கூட வா, போதும்" என்றார்.

கையில் இருந்த பித்தளைச் சொம்பை வீசினேன். நெற்றி பிளந்து சட்டையெல்லாம் ரத்தம். கே.கே. நகர் ஆஸ்பத்திரியில் ஆறு தையல் போட்டார்கள்.

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேங்க" என்று டாக்டரிடம் சொன்னார்.

ஆட்டோவில் திரும்பும்போது என் முகத்தைப் பார்க்காமல், "ப்ராக்குக்கே போயிட்டு வரலாம்" என்றார். இருபது வருஷத்தில் அவர் எனக்குப் பயந்து நான் பார்த்ததில்லை. மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன்.

"ஜன்னல் சீட் எனக்கு" என்று வந்தது.

பக்கத்து அறையில் வலியில் முனகுகிறார். எனக்கு நன்றாகத் தூக்கம் வருகிறது.