புளி போட்டுத் துலக்கிய சிலுவை

அம்மா,

நீங்கள் போன பிறகு வெள்ளிக்கிழமை விளக்குத் துலக்குவது என் வேலை. இன்றும் உங்களைப் போலவே, பிழிந்த எலுமிச்சையின் தோலில் உப்பைத் தொட்டுத் தேய்த்தேன். அந்த வாசனை விரலில் ஏறியபோதுதான் ஒன்று உறைத்தது. அன்றைக்கு மட்டும் நீங்கள் எலுமிச்சையை எடுக்கவில்லை.

இரண்டு வருடத்துக்கு முந்திய வெள்ளிக்கிழமையைச் சொல்கிறேன். அப்பாவுக்கு முதலாம் உலகப் போரின் ஜெர்மன் சின்னங்களில் பைத்தியம். பக்கத்து ஊரான ஸ்பிரிங்வேலில் பழஞ்சாமான் விற்பவர் ஓர் இரும்புச் சிலுவைப் பதக்கத்தைத் தந்து, ஒரு கிழமை வைத்துப் பார்க்கச் சொல்லியிருந்தார். பிடித்தால் சனிக்கிழமை அதற்கு மாற்றாக அப்பாவின் கமராவைக் கொடுக்க வேண்டும். எனக்குப் பதினான்கு வயதானதும் தருவதாகச் சொல்லியிருந்த அதே கமரா.

நான் நூலகத்துக்கு ஓடினேன். உண்மையான சிலுவையின் நடு கறுப்பு இரும்பு, சுற்றிவரச் சட்டம் வெள்ளி. சட்டத்தை இரண்டு பாதியாகச் செய்து ஒட்டியிருப்பார்கள். அதனால் பக்கவாட்டில் மயிரிழை போல ஒரு கோடு ஓடும் என்று புத்தகம் சொன்னது. பூதக்கண்ணாடியால் சிலுவையின் நான்கு கைகளையும் சுற்றிப் பார்த்தேன். கோடே இல்லை. காந்தமும் ஒட்டவில்லை. முழுதும் ஒரே அச்சில் வார்த்த பிற்காலப் போலி என்று அப்பாவிடம் சொன்னேன்.

"புரொபெசர் அம்மா தீர்ப்புச் சொல்லிப்போட்டா!" அப்பா சிரித்தார். "அறுபது வருஷ அழுக்கு, பிள்ளை. கோடு அதுக்குள்ள மூடிப்போயிருக்கும்."

"அப்ப காந்தம்?"

"சிலதை வேற உலோகத்திலயும் செய்தவங்களாம். கடைக்காரன் சொன்னவன்."

"அழுக்கைத் துடைச்சுப் பாப்பமே?"

"தொடக்கூடாது! பழசைத் துலக்கினால் மதிப்புப் போயிடும்."

நான் குசினிக்குள் வந்து அழுதேன். நீங்கள் வெங்காயம் அரிந்துகொண்டே ஒன்றுதான் கேட்டீர்கள்.

"வடிவாப் பாத்தனியோ?"

"ஓம் அம்மா. மூண்டு தரம்."

மறுநாள் அப்பா வேலையால் வந்தபோது கழற்றித் துலக்கிய விளக்கின் துண்டுகள் பேப்பரில் காய்ந்துகொண்டிருந்தன. அவற்றின் நடுவே சிலுவை. கறுப்பும் அழுக்கும் போய், நடுவும் சட்டமும் ஒரே பித்தளை மஞ்சள்.

"உமக்கென்ன விசரே?" அப்பா கத்தினார்.

"விளக்கோட கிடந்துது. ஒரு கை போட்டிட்டன்," என்றீர்கள். பிறகு மெதுவாக, "இஞ்சாருங்கோ, இதில வெள்ளி எங்க கிடக்கு?"

அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் இறுகி, பிறகு இளகியது. "வாரும் புரொபெசர். கோடு எங்க இருக்க வேணுமெண்டு எனக்கும் காட்டும்."

சனிக்கிழமை கடையில் நானே விளக்கினேன். கடைக்காரர் சிலுவையை இழுப்பறைக்குள் போட்டார். "அடுத்த முறை மகளை வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள்," என்றார். எங்கள் வீடிருக்கும் நோபல் பார்க் வரும்வரை அப்பா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

புளி ஊரிலிருந்து பார்சலில்தான் வரும். ரசத்துக்கே நீங்கள் கிள்ளித்தான் போடுவீர்கள். அன்று தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு கைப்பிடிப் புளி ஊறிக்கிடந்தது. விளக்குக்கு அவ்வளவு புளி தேவையில்லை, அம்மா. நீங்கள் என்னை நம்பியிருக்கிறீர்கள்.

பதினான்கு வயதுவரை காத்திருக்காமல் அப்பா அந்த வெள்ளிக்கிழமையே கமராவைத் தந்துவிட்டார். நான் எடுத்த முதற்படம் என் மேசையில் இருக்கிறது. சிலுவையைத் தூக்கிப் பிடித்துச் சிரிக்கிறீர்கள். கறுப்பு வெள்ளைப் படம். பித்தளையின் மஞ்சள் தெரியாது. உங்கள் விரல்களில் ஒட்டியிருக்கும் புளி தெரிகிறது.