நாற்பத்திமூன்று பட்டி

சுனைமேடு,
மறையூர் வழி,
18-8-1974.

அன்பு மகன் சொக்கலிங்கத்துக்கு அம்மா சுருளியம்மாள் எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் தங்கை பொன்னுத்தாயும் சுகம் என்று எழுதித்தான் ஆரம்பிக்க வேண்டும், எழுதிவிட்டேன், உடம்பைப் பொறுத்தவரை அது நிஜம்தான், ஆனால் ஒரு மாதமாக இந்த ஊர் என் பிராணனை வாங்கிக்கொண்டிருக்கிறது. அங்கே உன் சுகம் எப்படி என்று கொஞ்சம் விவரமாக எழுது ஐயா. போன கடிதத்தில் நலம் என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டு மீதித் தாளைக் காலியாக விட்டிருந்தாய், பிலாயில் மைக்குப் பஞ்சமா? இரும்பாலையில் உலைப் பக்கத்தில் நிற்கிறவன் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், சனிக்கிழமை எண்ணெய் தேய்க்க வேண்டும், இதையெல்லாம் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது, உனக்குக் காது வலிப்பதாகத் தெரியவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன ஐப்பசி மழையில் உன் சின்னத்தாய் அத்தைக்கு ஒன்பது ஆடு கழிச்சல் கண்டு செத்தது உனக்குத் தெரியும். மருந்துக்கு உன் அப்பா மூணாறு பஸ் ஏறிப் போய்த் திரும்புவதற்குள் நாலு ஆட்டைப் புதைத்தாயிற்று. மாமா போன பிறகு அவளுக்கும் இரண்டு பெண் பிள்ளைகளுக்கும் அந்தப் பட்டிதான் சோறு. இன்னொரு ஐப்பசி அப்படிப் போனால் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நிறுத்திக் கூட்டிக்கொண்டு தேயிலை எஸ்டேட்டுக்குப் போய்விடுவேன் என்று சித்திரையிலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறாள், கங்காணியிடம் சொல்லியும் வைத்துவிட்டாள். இந்த நேரத்தில்தான் பிளாக் ஆபீசிலிருந்து ஓர் அதிகாரி வந்து பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டார். இந்தப் பக்கத்துக்கு ஒரு மாட்டாஸ்பத்திரி வரப்போகிறது, நமக்கா கீழூருக்கா என்று இன்னும் முடிவாகவில்லை, இனிமேல் சிபாரிசுக்கு இடமில்லை, எந்த ஊரில் கால்நடை அதிகமோ அந்த ஊருக்குத்தான், ஊர்க்காரர்களும் ஆபீசும் கூடி எண்ணுவோம் என்றார். எனக்குச் சந்தோஷத்தில் தூக்கம் வரவில்லை. கீழூரில் எல்லாம் சேர்த்தால் நானூறு ஆடு தேறாது, நம் ஊரில் தடுக்கி விழுந்தால் ஆட்டின்மேல்தான் விழ வேண்டும். இதில் தோற்க முடியுமா என்று நினைத்தேன். நம் ஊர்க்காரர்களின் திறமையை நான் குறைவாக எடைபோட்டுவிட்டேன்.

எண்ணுவதற்குச் சிசிலி என்று ஒரு பெண் வந்தாள். பாலாப் பக்கத்து மலையாளப் பெண், இருபத்திரண்டு வயது இருக்கும், நல்ல பிள்ளை, தமிழ் புரியும், பேச வராது. மகிளா சமாஜத்துச் செயலாளர் என்ற முறையில் நான்தான் அவளோடு வீடுவீடாகப் போயிருக்க வேண்டும். அந்த வாரம் பார்த்து வெல்ல ஆலையில் நம் முறை வந்துவிட்டது, கொதிக்கிற கொப்பரையை விட்டு எங்கே நகர்வது? நீ போய் எண்ணம்மா, நம் ஊர் ஆட்கள் தங்கமானவர்கள் என்று அனுப்பிவிட்டேன். அந்தத் தங்கங்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? இவள் வனத்துறை அனுப்பிய ஆள், சந்தனக் காட்டில் மேய்கிற ஆட்டைக் கணக்கெடுத்துப் பவுண்டில் அடைத்து அபராதம் போட வந்திருக்கிறாள் என்று யாரோ ஒரு புண்ணியவான் கிளப்பிவிட்டான். அவ்வளவுதான். ஆடு எத்தனை என்று கேட்டால், என்னத்தம்மா, பால் குடிக்க ரெண்டு மூணு கெடக்கு என்று ஒரே பாட்டு. கீழவீட்டுச் சாந்தம்மாள் மூணு. மேலவீட்டுச் சங்கையா ரெண்டு. உன் அப்பா பெரிய மனது பண்ணி அஞ்சு என்றாராம்.

அடுத்த கேள்வியைக் கேள். காகிதத்தில் ஆட்டுக்கு அடுத்த கட்டத்தில் நாய். மலையாளக் காகிதம், மலையாளப் பெண், அவள் வேறு எப்படிக் கேட்பாள்? பட்டி உண்டோ சேச்சி, எத்ர எண்ணம் என்று கேட்டிருக்கிறாள். பட்டி என்றால் அவர்களுக்கு நாய் என்று மறையூர் பஜாரில் டீ குடிக்கிற எல்லாருக்கும் தெரியும், இல்லையென்று சொல்லவில்லை, ஆனால் மாடு, எருமை, ஆடு என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தவள் பட்டி என்றால் யாருக்கு நாய் ஞாபகம் வரும், ஆடு அடைக்கிற பட்டிதானே வரும்? ஆட்டைச் சொன்னால்தானே வம்பு, பட்டி வெறும் வேலிதானே என்று எல்லாரும் அரிச்சந்திரன் ஆகிவிட்டார்கள். சங்கையா நெஞ்சை நிமிர்த்தி, நம்ம கிட்ட மூணு பட்டி, குட்டிகளுக்குத் தனியா ஒண்ணு என்றானாம். சிசிலி மாட்டுப்பட்டிப் பண்ணையில் ஆறு மாதம் பயிற்சி எடுத்தவள். அந்த ஊர்ப் பெயருக்கு என்ன அர்த்தம் என்று அவளும் யோசிக்கவில்லை, இந்த மனிதர்களும் யோசிக்கவில்லை. பொய் சொன்னதெல்லாம் ஆட்டுக் கட்டத்தில், உண்மை சொன்னதெல்லாம் நாய்க் கட்டத்தில் ஏறிப் போய்விட்டது.

ஆனி கடைசியில் ஒரு ஜீப் வந்தது. மூன்று ஆட்கள் இறங்கினார்கள், கையில் நீளக் கம்பி, கம்பி முனையில் சுருக்கு. பட்டி எவிடெ என்று கேட்டார்கள். சங்கையாவுக்கு வாயெல்லாம் பல். ஆஸ்பத்திரி ஆட்கள் வந்துவிட்டார்கள் என்று நினைத்து மோர் கொடுத்து, வாங்க சார் வாங்க, மூணையும் பாக்கலாம் என்று கூட்டிக்கொண்டு போயிருக்கிறான். படலைத் திறந்ததும் அறுபது ஆடு அந்த மூன்று பேரையும் பார்க்கிறது, அவர்கள் ஆட்டைப் பார்க்கிறார்கள். முப்பத்தாறு வீட்டில் நாற்பத்திமூன்று நாய், கடித்துக்கிடித்து வைக்கும் என்று மேலே யாரோ பயந்துபோய் நாய் பிடிக்கிறவர்களை அனுப்பியிருக்கிறார்கள். ஊரில் இருக்கிற நாய் மொத்தம் நாலு, அதில் ஒன்று கிழடு. சிரிக்காதே சொக்கு. அதே ஜீப்பில் வந்த காகிதத்தில் மாட்டாஸ்பத்திரி கீழூருக்கு என்று போட்டிருந்தது. அதைக் கேட்ட சின்னத்தாய் நேரே வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளின் துணியை மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஊரையே நிறுத்தி வைத்துத் திட்டினேன். சிசிலியைத் தேடிப்போய், என்னடி எழுதினே என்று கத்தினேன். அவள் பயந்துபோய் நகலை எடுத்துக் காட்டினாள். கூட வந்த பொன்னுத்தாய் படித்தாள், ஆடு அறுபத்தொன்று, நாய் நாற்பத்திமூன்று, கீழே மேற்படி விவரங்கள் சரி என்று செயலாளர் கையெழுத்து. என் கையெழுத்து. வெல்லப் பாகு ஒட்டிய விரல் ரேகையோடு. எனக்கு மலையாளம் பேச வரும், படிக்க வராது, அதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு ஆலையில் நின்றபடியே போட்டுக்கொடுத்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் மலையாளம் படித்த மகளைக் கூப்பிட்டு இதில் என்ன இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. செயலாளராம் செயலாளர்.

மறுநாளே சிசிலியைக் கூட்டிக்கொண்டு பிளாக் ஆபீசுக்குப் போனேன். அதிகாரி முதலில் முடியாது என்றார், அப்புறம் நாய்க் கதையைக் கேட்டு மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார், அப்புறம், பத்து நாள் தருகிறேன், புதுக் கணக்குக் கொண்டுவாருங்கள், பத்து வீட்டை நானே வந்து பார்ப்பேன், எந்த வீடு என்று சொல்லமாட்டேன், ஒரு கட்டத்தில் ஒரு எண் தப்பு என்றாலும் மொத்தத் தாளையும் தள்ளிவிடுவேன் என்றார். இந்தக் கணக்கை வைத்து மேய்ச்சல் வழக்குப் போடமாட்டோம் என்று எழுதிக் கொடுங்கள் சார் என்றேன். எழுதிக் கொடுத்தார். அதை இந்தத் தடவை பொன்னுத்தாயிடம் கொடுத்து இரண்டு முறை படிக்கச் சொல்லிவிட்டுத்தான் ஊரைக் கூட்டினேன்.

கூட்டத்தில் சங்கையாவை எழுப்பி ஆடு எத்தனை என்று கேட்டேன். அதிகாரி கையெழுத்துப் போட்ட காகிதத்தைக் கண்ணால் பார்த்த பிறகும் அந்த மனிதன் தலையைச் சொறிந்துகொண்டு, ஒரு பத்து இருக்கும் அக்கா என்கிறான். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. சாந்தம்மாள் பக்கம் திரும்பி, நீ சொல்லு, சங்கையாவுக்கு எத்தனை என்றேன். அவள் கண்ணை மூடித் திறப்பதற்குள், அறுவத்தி ரெண்டு, அதுல எட்டு சினை, ஒண்ணு மொட்டைக் கிடா, அது என் அவரைப் பந்தலத் தின்ன கிடா என்றாள். சங்கையா துள்ளிக் குதித்தான், இவ மட்டும் என்ன யோக்கியமா, நாப்பத்தொண்ணு வச்சிருக்கா, எழுதிக்க தாயி என்றான். அங்கேதான் எனக்குப் புத்தி வந்தது. தன் ஆட்டைக் கேட்டால் மூணு என்கிறவன் பக்கத்து வீட்டு ஆட்டைக் கேட்டால் வயிற்றில் இருக்கிற குட்டியையும் சேர்த்துச் சொல்கிறான். ஆகவே யாரும் தன் வீட்டைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது, ஒவ்வொரு வீட்டுக்கும் இந்தப் பக்கத்து வீடும் அந்தப் பக்கத்து வீடும் சொல்ல வேண்டும், இரண்டும் ஒத்துப்போனால் எழுது, ஒத்துப்போகாவிட்டால் காலையில் படல் திறக்கும்போது நேரில் நின்று எண்ணு என்று சட்டம் போட்டேன். இரண்டு நாள் ஊரே சண்டைக்காடு. அவனவன் கத்தக் கத்தச் சிசிலி எழுதிக்கொண்டே போனாள். ஆயிரத்து இருபத்தொன்பது ஆடு, எழுபத்திநாலு மாடு. நாய்க் கட்டத்தில் நாலு.

அதிகாரி வந்த பத்து வீட்டில் நம் வீடும் ஒன்று. தாளில் முப்பத்தெட்டு, பட்டியில் எண்ணினால் நாற்பது. எனக்கு உயிரே போய்விட்டது. உன் அப்பா உள்ளே புகுந்து ஈரம் காயாத இரட்டைக் குட்டியைத் தூக்கிவந்து காட்டினார், விடியக் காலையில் போட்டிருக்கிறது. அதிகாரி சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். போன வெள்ளிக்கிழமை தபால் வந்தது, மாட்டாஸ்பத்திரி நமக்குத்தான். கட்டடம் எழும்புகிறவரை பள்ளிக்கூடத்துக் கொட்டகையில் புதன்கிழமை தோறும் கம்பவுண்டர் வருவார், ஐப்பசிக்கு முன்னாலேயே எல்லா ஆட்டுக்கும் ஊசி. சின்னத்தாயிடம் போய்ச் சொன்னேன். பாக்கலாம் மதினி, ஊசி போடறதக் கண்ணால பாத்துட்டு மூட்டையப் பிரிக்கேன் என்கிறாள். அவளையும் குறை சொல்ல முடியாது. முதல் ஆடு அவளுடையதாக இருக்கட்டும் என்று எல்லாரும் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் சண்டை வரவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், மறைத்து வைத்தால் பொன்னுத்தாய் எழுதிவிடுவாள், அதற்கு நானே எழுதிவிடுகிறேன். அந்தத் தாளில் ஆடு மாட்டுக்கு முந்தின கட்டம் வீட்டில் இருக்கிற ஆள். முதல் கணக்கில் நம் வீட்டுக்கு நாலு என்று ஆலையில் கையெழுத்துப் போடும்போது நான்தான் சொல்லியிருந்தேன். இந்தத் தடவை என் சட்டப்படி நான் வாயைத் திறக்கக் கூடாதே. சாந்தம்மாள், ஆடு முப்பத்தெட்டு, ஆள் மூணு என்றாள். சங்கையாவைக் கேட்டால் அவனும் மூணு என்கிறான். நான் எழுந்து கத்தினேன், என் மகனை எங்கே விட்டீர்கள், அவன் கட்டில் கிடக்கிறது, அவன் பெட்டி கிடக்கிறது என்றேன். சிசிலி மெதுவாக, ஆறு மாசம் ஈ வீட்டில் தாமசிச்சிட்டுண்டோ சேச்சி என்று கேட்டாள், ஆறு மாதமாவது இந்த வீட்டில் தங்கியிருந்தால்தான் கணக்கில் வருமாம். நீ ஐந்து வருஷத்தில் இரண்டு தடவை, மொத்தம் இருபத்தாறு நாள். உன் அப்பாதான், மூணுன்னே எழுதும்மா, ஒரு எண் தப்புன்னா மொத்தமும் போயிரும் என்றார். ஆட்டுக்குப் பொய் சொன்ன மனிதனுக்கு இதில் மட்டும் உண்மை பேச வந்துவிட்டது, இன்றுவரை அவரிடம் நான் சரியாகப் பேசவில்லை. சிசிலி எழுதினாள். ஊர் முழுக்கத் திட்டித் திரிந்த நான் அத்தனை பேர் முன்னாலும் அழுதேன், அப்புறம் முந்தானையால் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.

கோபப்படாதே ஐயா, கணக்கு சரிதான். அடுத்த எண்ணிக்கை அஞ்சு வருஷம் கழித்தாம், அதுவரை பொறுக்க என்னால் ஆகாது. பொங்கலுக்கு லீவு கேள், கொடுக்காவிட்டால் மறுபடி கேள், என்ன தேதி என்று முன்கூட்டியே எழுது. நோய்நொடி இல்லாமல், கூட நிற்கிறவர்களோடு மனஸ்தாபம் இல்லாமல், நல்லபடியாக இரு. மாரியாத்தாள் துணை இருப்பாள். அப்பாவும் தங்கையும் அத்தையும் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்கள். இந்தத் தடவையாவது தாளின் இரண்டு பக்கமும் நிரப்பி எழுது.

இப்படிக்கு,
உன்னைத் தன் கையாலேயே கழித்துக் கையெழுத்துப் போட்ட
அம்மா சுருளியம்மாள்