அறிவழகன் போட்ட வழி

மாரண்டஹள்ளி,
டிசம்பர் 9

அன்பு மகள் மலர்விழிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. அயர்லாந்துக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் பேத்தி ஜாஸ்மினும் சளி, காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே எனக்கும் உன் அம்மாவுக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் பேச ஆரம்பித்தால் உன் அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். இது நீ மட்டும் படிக்க வேண்டியது. மாப்பிள்ளையும் குழந்தையும் வெளியே போன பிறகு உட்கார்ந்து படி.

நீ அனுப்பிய பயணத் திட்டத்தைப் பார்த்தேன். பார்த்ததுமே தெரிந்துவிட்டது, அது உன் தம்பி அறிவழகன் போட்டது. அக்கா ஊருக்கு வந்தால் காரில் மூன்று நாள் என்று அவன் உனக்கு எழுதி அனுப்பிய அதே ஊர்கள், அதே வரிசை. அவன் நம்மை விட்டுப் போய், வருகிற மாசியோடு மூன்று வருஷம். அவன் ஆசைப்பட்டதை நாம் போய் முடிக்கலாம், வண்டியை அப்பாதான் ஓட்ட வேண்டும், அப்பா ஓட்டினால்தான் எனக்குப் பயம் இருக்காது என்று எழுதியிருக்கிறாய். அந்தக் கடைசி வரிக்குப் பதில் பின்னால் வருகிறது. முதலில் வழியைச் சொல்லிவிடுகிறேன். அது எனக்குச் சுலபம்.

உன் போன் மேப்பை அப்படியே நம்பாதே. முதல் நாளிலேயே அதியமான்கோட்டை, தாரமங்கலம், சங்ககிரி, நாமக்கல் நான்கையும் போட்டிருக்கிறாய். மேப்புக்குக் கால் வலிக்காது, உன் அம்மாவுக்கு வலிக்கும். முதல் நாள் காலையில் அதியமான்கோட்டை பெருமாள் கோயில். மேல்தளத்தில் பழைய ஓவியங்கள் இருக்கின்றன, அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்தாலும் பரவாயில்லை. அங்கிருந்து தொப்பூர் கணவாய் இறங்கி, ஓமலூர் வழியாகத் தாரமங்கலம் கோயில். கல் சிங்கத்தின் வாயில் கல் உருண்டை உருளும், ஜாஸ்மினைத் தூக்கிக் காட்டுங்கள். இரவு சேலத்தில் தங்கிவிடுங்கள். மறுநாள் விடியற்காலையில் சங்ககிரிக் கோட்டை ஏற வேண்டும். வெயில் ஏறிவிட்டால் பாறை சுடும், ஆளுக்கு இரண்டு பாட்டில் தண்ணீர் வேண்டும். அம்மா கீழேயே முதல் வாசலில் உட்கார்ந்திருக்கட்டும், ஏறுகிறேன் என்பாள், விடாதே. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மஞ்சவாடிக் கணவாய் வழியாக அரூர். அந்த ரோட்டில் அவசரப்பட வேண்டாம். இரண்டு பக்கமும் மஞ்சளும் குச்சிக்கிழங்கும் நிற்கும், கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கும். அரூரில் தங்கி மூன்றாம் நாள் காலையில் தீர்த்தமலை. கையில் பழம் வைத்திருந்தால் குரங்கு விடாது. பிறகு திருவண்ணாமலை பார்த்து, செங்கம், ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி, ராயக்கோட்டை வழியாக வீடு. நாமக்கல்லும் செஞ்சியும் இந்தத் தடவை வேண்டாம். விட்டுவிட்டால் அறிவு கோபித்துக்கொள்ள மாட்டான்.

உன் அம்மா இப்போதே கிளம்பிவிட்டாள். சிவப்புப் பையைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறாள். மூன்று நாளைக்குப் புளிச்சோறு தாங்குமா என்று என்னிடம் நாலு தடவை கேட்டுவிட்டாள். மூன்று வருஷமாகப் பாலக்கோடு தாண்டாதவள், நேற்று தானாகவே செருப்புக் கடைக்குப் போய் மலை ஏற ஒரு செருப்பு வாங்கி வந்தாள். அவள் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் இந்தக் கடிதத்தை எழுத வேண்டாம் என்று வைத்துவிடுவேன். ஒரு வாரம் அப்படியே போயிற்று.

சாயங்காலம் விளக்கு வைக்கும்போது மட்டும் அவள் மாறுவதில்லை. அறிவு படத்துக்கு முன்னால் நின்று, "எம்புள்ளையக் கொன்ன அந்த லாரிக்காரன் நல்லாவே இருக்க மாட்டான்" என்கிறாள். தினமும் அதே வார்த்தை. நான் வாசலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். கண்ணு, அந்தச் சாபம் மூன்று வருஷமாகத் தப்பான ஆள் மேல் போய்க்கொண்டிருக்கிறது. அதைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும்.

நான் முப்பத்தொரு வருஷம் அரசு பஸ் ஓட்டினேன். தர்மபுரியிலிருந்து சேலம், தினம் இரண்டு நடை. வழியில் ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை, அது உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. எங்கள் டெப்போவில் யார் எவ்வளவு டீசல் மிச்சம் பிடித்தார்கள் என்று மாதாமாதம் பலகையில் எழுதிப் போடுவார்கள். குறைந்தால் மெமோ. அதனால் தொப்பூர் இறக்கம் வந்தால் எங்களில் பாதிப் பேர் வண்டியை நியூட்ரலில் தள்ளிவிட்டு, பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டு இறங்குவோம். பிரேக் சூடேறிவிடும், செய்யக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். கியரில் இறங்குங்கள் என்று ரோட்டோரம் போர்டும் இருக்கிறது. அப்படித்தான் நான் முதல் பரிசு வாங்கினேன். கூடத்தில் மாட்டியிருக்கும் சுவர்க்கடிகாரம் அந்தப் பரிசுதான். அதன் கீழேதான் இப்போது அறிவு படம் இருக்கிறது.

அவன் அந்தப் பழைய டீசல் காரை வாங்கி மூன்று வாரம்கூட ஆகவில்லை. நீ வரும்போது காட்ட வேண்டிய இடங்களை முன்னால் ஒரு தடவை பார்த்துவிட்டு வரலாம் என்று, ஞாயிற்றுக்கிழமை தாரமங்கலத்துக்குக் கிளம்பினான். என்னையும் அழைத்தான். அதியமான்கோட்டை வரைக்கும் அவன்தான் ஓட்டினான். அங்கே நான் சாவியை வாங்கிக்கொண்டேன். தொப்பூரெல்லாம் உனக்குச் சரிப்பட்டு வராது, நகரு என்றேன். அவன் சிரித்துக்கொண்டு பக்கத்துச் சீட்டுக்குப் போனான்.

இறக்கம் ஆரம்பித்ததும் என் கை தானாகவே நியூட்ரலுக்குப் போனது. அவன் பார்த்துவிட்டான். "அப்பா, கியர்ல போடுங்கப்பா" என்றான்.

நான் சொன்னேன்: "முப்பத்தோரு வருசம் இந்த எறக்கத்துல எறங்குனவன்டா நானு."

அவன் மறுபடி சொல்லவில்லை. அப்பாவுக்கு மரியாதை கொடுத்துச் சும்மா இருந்துவிட்டான். கீழே வளைவு தாண்டியதும் முன்னால் பாரம் ஏற்றிய லாரி ஒன்று, நாலு விளக்கையும் மினுக்கிக்கொண்டு மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. பிரேக்கை மிதித்தேன். சூடேறிப் போயிருந்தது, பிடிக்கவில்லை. வலது பக்கம் பஸ் வந்துகொண்டிருந்தது, ஒதுங்க இடமில்லை. என் பக்கம் தப்பித்தது. அவன் பக்கம் லாரிக்கு அடியில் போனது.

ஆஸ்பத்திரியில் உன் அம்மா ஓடி வந்து எப்படி ஆச்சு என்று கேட்டாள். லாரிக்காரன் விளக்கில்லாமல் திடீரென்று நிறுத்திவிட்டான் என்று என் வாயில் வந்தது. யோசித்துச் சொன்ன பொய் இல்லை அது. அவள் முகத்தைப் பார்த்து வேறெதுவும் சொல்ல முடியவில்லை. பின்னாலேயே போலீஸ்காரர் நின்றிருந்தார். அவரும் அதையே எழுதிக்கொண்டு என்னிடம் கையெழுத்து வாங்கினார். விபத்தில்லாமல் ஓட்டிய டிரைவர் சொல்கிறார் என்று யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை.

பிறகு ஒரு மெக்கானிக் பேச்சுவாக்கில் சொன்னார், இந்தக் காலத்து வண்டி கியரில் இறங்கினால் டீசலே செலவாகாது என்று. ஒரு சொட்டுக்கூட மிச்சம் பிடிக்கவில்லை நான்.

அந்த லாரிக்காரர் பெயர் முனிராஜ். அரூர் பக்கம். அவர் மேல் கேஸ் நடக்கிறது. முதலாளி அன்றைக்கே வேலையை விட்டு நிறுத்திவிட்டார். பிறகு யாரும் லாரி தரவில்லை. இப்போது கரும்பு வெட்டப் போகிறார். போன மாதம் தர்மபுரி கோர்ட்டு வாசலில் அவரும் அவர் மனைவி பெரியம்மாளும் நின்றிருந்தார்கள். என்னைக் கண்டதும் நேராக வந்தார். சட்டையைப் பிடிப்பார் என்று நினைத்தேன். பிடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"அண்ணா, லைட்டு எரிஞ்சுதுங்கண்ணா. நான் நிறுத்தலைங்க. ஆனா புள்ளையப் பறி கொடுத்தவருங்க நீங்க, உங்களுக்குக் கண்ணு மறைச்சிருக்கும். உங்க மேல எனக்குக் கோவமில்லைங்க."

நான் கையை விடுவித்துக்கொண்டு வந்து பஸ் ஏறிவிட்டேன். எனக்காக அவரே ஒரு காரணமும் கண்டுபிடித்து வைத்திருக்கிறார், கண்ணு. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் அம்மா எனக்குச் சர்க்கரை இருக்கிறதோ என்று பயந்து ரத்தம் பரிசோதிக்க அழைத்துப் போனாள்.

ஜனவரி எட்டாம் தேதி நான் சாட்சி சொல்ல வேண்டும். நடந்ததை நடந்தபடி சொல்லப் போகிறேன். அதற்குப் பிறகு என்னை என்ன செய்வார்கள் என்று தெரியாது. வக்கீலிடம் கேட்டால் வேண்டாம் என்பார், அதனால் கேட்கவில்லை. ஏழாம் தேதி சாயங்காலம், விளக்கு வைப்பதற்கு முன்னால், உன் அம்மாவிடம் சொல்லிவிடுவேன். அந்தச் சாபத்தை இன்னொரு நாள் அந்த மனுஷர் மேல் விடக் கூடாது. அவள் என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியவில்லை. நாற்பது வருஷம் கூட இருந்தும் தெரியவில்லை. நீங்கள் பத்தாம் தேதி வந்து இறங்கும்போது நான் வீட்டில் இருப்பேனா, இருந்தாலும் அவள் இருக்க விடுவாளா, சொல்ல முடியாது.

அதனால் நான் வண்டி ஓட்ட மாட்டேன். இனி எந்த வண்டியும் ஓட்ட மாட்டேன். என்னைக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லியும் கேட்கவில்லை. நீ என்னிடம் பேச வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை. தம்பியை நீ இடுப்பில் தூக்கி வளர்த்தவள், உனக்கு என்ன தோன்றுகிறதோ அது சரி. ஆனால் இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு டிக்கெட்டை மட்டும் ரத்து செய்யாதே. உன் அம்மாவை அந்தப் பயணத்துக்கு அழைத்துப் போ. வர மாட்டேன் என்பாள், கையைப் பிடித்து வண்டியில் உட்கார வை. சிவப்புப் பை கட்டிலுக்கு அடியில் இருக்கும். புதுச் செருப்பு அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கிறது.

மாப்பிள்ளையே ஓட்டட்டும். அங்கேயும் நம் ஊர் மாதிரி இடது பக்கம்தானே, பழகியவர், நிதானமானவர். தொப்பூரை விட்டுச் சுற்றிப் போக வழி இருக்கிறதா என்று நானும் பார்த்தேன். இருக்கிறது. ஆனால் உன் அம்மா அந்த இடத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று மூன்று வருஷமாகக் கேட்கிறாள். நான் அழைத்துப் போனதில்லை. நீ அழைத்துப் போ. வளைவு தாண்டி இடது ஓரம் ஒரு புங்கமரம் நிற்கும். அங்கே நிறுத்த வேண்டாம், பின்னால் லாரி வரும். மெதுவாகப் போகும்போதே பார்க்கட்டும்.

நீங்கள் எல்லோரும் நல்லபடியாகப் போய் நல்லபடியாக வீடு திரும்ப வேண்டும். எனக்கு வேண்டிக்கொள்ள அது ஒன்றுதான் இருக்கிறது. மாப்பிள்ளையிடம் இதை மட்டும் மறக்காமல் சொல், கண்ணு. அதியமான்கோட்டை தாண்டி, தொப்பூர் இறக்கம் ஆரம்பிக்கும் முன்பே மூன்றாவது கியருக்கு வந்துவிட வேண்டும், அடிவாரம் வரை அதை எடுக்கக் கூடாது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பது நீயோ, அம்மாவோ, ஏழு வயசு ஜாஸ்மினோ, யாராக இருந்தாலும், கியரில் போடுங்கள் என்று சொன்னால் பதில் பேசாமல் போட்டுவிடச் சொல்.

இப்படிக்கு,
உன் அப்பா
மாதேஸ்வரன்