அக்கரைக்குப் போய் வந்தேன்

14 செப்டம்பர் 2025, ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் இவர் நடக்கக் கிளம்பினார். நானும் காய்கறிப் பையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். கூட இல்லை, நாலு வீடு தள்ளி. பால் டிப்போ முனையில் திரும்பிப் பார்த்துவிட்டார்.

“மேரி, காய் வாங்கப் போறியா, என்னைக் காவல் காக்க வாரியா?”

கத்திரிக்காய் வாங்கணும் என்றேன். கத்திரிக்காய்க் கடை எதிர்த் திசையில் என்பது அவருக்கும் தெரியும். மத்தியானம் சாப்பிடும்போது, “ஆபரேஷன் பண்ணது எனக்கா, உனக்கா?” என்று கேட்டார். நான் ரசத்தை ஊற்றினேன்.

முப்பது வருசத்துக்கு மேல் பி.டி. மாஸ்டராக இருந்தவர். விசில் அடித்தால் மைதானமே நிற்கும். அந்த மனுசன் இதயம்தான் ஏப்ரலில் மக்கர் பண்ணியது. பைபாஸ் நல்லபடியாக முடிந்தது. இப்போது டாக்டரே நடங்க, மாடி ஏறுங்க, வண்டி ஓட்டுங்க என்கிறார். டாக்டருக்கு என்ன? சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார்.

18 செப்டம்பர்

ஆபீஸில் இருந்து இன்றைக்கு மூணு தடவை போன் பண்ணினேன். மூணாவது தடவை எடுக்கவில்லை. அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ஓடி வந்தால் – குளித்துக்கொண்டிருக்கிறார்.

21 செப்டம்பர், ஞாயிறு

ஜெய்சன் கோயம்புத்தூரில் இருந்து பேசினான். காந்தி ஜெயந்தி லீவுக்கு மகனும் மருமகள் அஸ்வினியும் காரில் வருகிறார்களாம். தேனிக்கு மேலே மலையில், பள்ளத்தாக்கு ஓரத்தில் புதிதாக ஒரு இடம் திறந்திருக்கிறார்களாம். கண்ணாடிப் பாலம், ராட்சத ஊஞ்சல், கம்பியில் தொங்கிக்கொண்டு எதிர் மலைக்குப் போகிற ஜிப்லைன். எல்லோரும் போவோம் என்கிறான்.

அப்பாவுக்கு ஆகாது என்று நான் சொல்லி முடிக்கவில்லை, இவர் போனைப் பிடுங்கி, “நான் வாரேன்டா” என்று சொல்லிவிட்டார். டாக்டரிடம் கேட்டேன். மலை ஏறலாம், வேடிக்கை பார்க்கலாம், தொங்குகிறது ஆடுகிறது மட்டும் வேண்டாம் என்றார். இதைக் கேட்டுவிட்டு நான் எப்படி வேண்டாம் என்று சொல்வது?

1 அக்டோபர்

எலுமிச்சை சாதம், தயிர் சாதம், மாத்திரை டப்பா, பிரஷர் பார்க்கிற மெஷின், இரண்டு துண்டு, பிளாஸ்க். அஸ்வினி பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “அத்தை, ஆஸ்பத்திரியை மட்டும்தான் விட்டுட்டு வர்றீங்க” என்றாள். சிரிக்காமல் சொன்னாள். எனக்குத்தான் சிரிப்பு வந்தது.

2 அக்டோபர், வியாழன்

எங்கிருந்து ஆரம்பிக்க? எழுத்து கோணலாகப் போகிறது.

உசிலம்பட்டியில் டீ. ஆண்டிபட்டிக் கணவாயில் காற்றாலைக் காத்தாடிகளைப் பார்த்ததும் இவர் கண்ணாடியை இறக்கிவிட்டுக் காற்று வாங்கினார். நான் ஏற்றினேன். அவர் இறக்கினார். ஜெய்சன் முன் சீட்டில் இருந்து, “ஸ்கூல் பிள்ளைங்க மாதிரி இருக்கீங்க” என்றான்.

அந்த இடம் – அதை எப்படி எழுதுவது. செங்குத்தாக இரண்டு பாறை மலை, நடுவில் யாரோ அரிவாளால் வெட்டிப் பிளந்த மாதிரி பள்ளம். அடியில் ஆறு, வெள்ளை நூல் மாதிரி. சத்தம் மட்டும் மேலே வருகிறது.

வாசலில் பெரிய பலகை. இதய நோயாளிகள், கர்ப்பிணிகள் சவாரிகளில் ஏறக்கூடாது. இவர் அதை நின்று, வகுப்பில் பாடம் படிக்கிற குரலில் முழுசாகப் படித்தார். பிறகு, “நல்ல வேளை, கர்ப்பிணி இல்லை” என்றார். ஜெய்சன் சிரித்தான். எனக்கு அவர் முகம் தெரியும். அது சிரிப்பு இல்லை.

கண்ணாடிப் பாலத்துக்கு எல்லோரையும் விட்டார்கள். நான் இவர் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டு நடந்தேன். நடுவில் நின்று, “கீழே பாரு மேரி” என்றார். பார்க்கவில்லை.

அடுத்தது ஜிப்லைன். அஸ்வினி தனக்கும் எனக்கும் சேர்த்துச் சீட்டு வாங்கி வந்து நின்றாள். மாமாவை விட்டுவிட்டு நான் எப்படி வர முடியும் என்றேன். அவருக்குத் துணை வேண்டாமா, திடீரென்று ஏதாவது என்றால்?

பெஞ்சில் உட்கார்ந்திருந்த இவர் சத்தம் போடாமல் சொன்னார்: “அவ போக மாட்டாம்மா. எல்லாத்துக்கும் நான் ஒரு சாக்கு அவளுக்கு.”

சுருக்கென்று இருந்தது. சாக்கா? ஆறு மாசமா நான் தூங்காமக் கொள்ளாமக் கிடந்தது சாக்கா? அஸ்வினியிடம், சேலையோட விடுவாங்களா என்று கேட்டேன். விட மாட்டார்களாம். அவளிடம் இன்னொரு சுடிதார் இருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவை சுடிதார் போட்டேன். தோளில் கொஞ்சம் இறுக்கம்.

அங்கே வேலை பார்க்கிற பெண் – முத்துச்செல்வி என்று சட்டையில் பேர் இருந்தது – இடுப்பிலும் தொடையிலும் பட்டைகளை மாட்டி இழுத்து இழுத்துப் பார்த்தாள். தலையில் ஹெல்மெட். பக்கத்துக் கம்பியில் அஸ்வினி. போனெல்லாம் ஜெய்சன் கையில். அப்போதுதான் இவர் பெஞ்சில் இருந்து எழுந்து கம்பிவேலி வரைக்கும் வந்தார். முகம் வெளுத்திருந்தது.

“மேரி, வேண்டாம். நான் சும்மா சொன்னேன். இறங்கி வந்துரு.”

நான் அவரைப் பார்த்தேன். “போய்ட்டு வாரேன்” என்றேன்.

முத்துச்செல்வி கொக்கியை விட்டாள்.

கத்தினேனாம். எனக்கு ஞாபகம் இல்லை. மாதாவே மாதாவே என்று வாய் சொல்லிக்கொண்டே இருந்தது. பிறகு காற்று. கம்பியின் ரீங்காரம். கண்ணைத் திறந்தேன் – காலுக்குக் கீழே ஒன்றுமே இல்லை, ஆறு மட்டும். ஒரு பருந்து எனக்குக் கீழே பறந்தது. பருந்தின் முதுகை நான் அதுவரைக்கும் பார்த்ததில்லை.

அந்தப் பக்கம் மேடையில் இறக்கிவிட்டார்கள். அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அழுதேன், சிரித்தேன், இரண்டும். அஸ்வினி பயந்து என்ன அத்தை, என்ன அத்தை என்கிறாள். அவளிடம் சொல்ல முடியவில்லை. இங்கே எழுதுகிறேன்: நடுவில், அந்த ஆற்றுக்கு மேலே, நான் இவரை நினைக்கவே இல்லை. ஏப்ரலுக்கு அப்புறம் அதுதான் முதல் தடவை. அவர் மூச்சு, அவர் மாத்திரை, அவர் நெஞ்சு – எதுவும் இல்லை. அம்புட்டு லேசா இருந்துச்சு.

திரும்பி வர ஜீப். மலையைச் சுற்றி வர வேண்டும். அதற்குள் பனி இறங்கிவிட்டது, எதிரே ஒன்றும் தெரியவில்லை என்று டிரைவர் ஒரு வளைவில் ஓரங்கட்டி நிறுத்திவிட்டார். எங்கள் போன் ஜெய்சனிடம், டிரைவர் போனில் சிக்னல் இல்லை. நாங்கள் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தோம். பனி விலகி வந்து சேர வெகு நேரம் ஆகிவிட்டது.

இவர் ஜீப் நிற்கிற இடத்திலேயே நின்றிருந்தார். அப்பா உட்காரவே இல்லை, சீட்டுக் கொடுக்கிறவரைப் போய்ப் போய்க் கேட்டே கொன்றுவிட்டார் என்றான் ஜெய்சன். நான் இறங்கியதும் பிள்ளைகளுக்கு முன்னாலேயே என் கையைப் பிடித்துக்கொண்டார். அப்படிப் பிடிக்கிற ஆள் இல்லை. பெஞ்சு வரைக்கும் விடவில்லை.

“நீ சின்னப் புள்ளியாப் போயி, அப்புறம் புள்ளியும் தெரியல. பனி மூடிருச்சு. கேட்டா வந்துருவாங்கன்னு மட்டும் சொல்றான். அன்னைக்கு நான் உள்ள இருந்தப்ப, ஆஸ்பத்திரி வராண்டாவுல நீ இப்படித்தான் இருந்தியா?”

“இதைவிட அதிகம்.”

“எனக்குத் தெரியாது மேரி. நான் மயக்கத்துல கிடந்தேன்” என்றார்.

எலுமிச்சை சாதத்தைப் பிரித்தோம். நான் இரண்டு பங்கு சாப்பிட்டேன். எனக்கு அம்புட்டுப் பசி.

பிரஷர் மெஷினை வெளியே எடுக்கவே இல்லை. இப்போது எழுதும்போதுதான் நினைவு வருகிறது.

3 அக்டோபர்

தோள், இடுப்பு, தொடை எல்லாம் அடித்துப் போட்ட மாதிரி வலி. இவர் தைலம் தேய்த்துவிட்டார். பி.டி. மாஸ்டர் கை, எங்கே அமுக்கணும் என்று தெரிகிறது. பிள்ளைகள் கிளம்பிவிட்டார்கள்.

தேய்த்துக்கொண்டிருக்கும்போதே பேசினோம். வெளியே போறப்ப சொல்லிட்டுப் போங்க, வந்ததும் சொல்லுங்க, நடுவுல நான் கேக்க மாட்டேன் என்றேன். நெஞ்சில் ஏதாவது தெரிந்தால் மறைக்காமல் சொல்வேன் என்றார். இது வரைக்கும் மறைத்தீர்களா என்று கேட்டேன். ஒரு தடவை, என்றார். வாயுதானாம், சொன்னால் நான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிடுவேன் என்று சொல்லவில்லையாம்.

கோபம் வரவேண்டும். வரவில்லை. கூப்பிட்டிருப்பேன்தான்.

12 அக்டோபர்

சிம்மக்கல்லுக்குப் பழம் வாங்க வண்டியில் போனார். வாசல் வரைக்கும் போனேன், திரும்பி வந்தேன். தாங்க முடியாமல் போன் பண்ணிவிட்டேன். “உயிரோடதான் இருக்கேன். கொய்யா வேணுமா, சாத்துக்குடி வேணுமா?” என்று கேட்டார். கொய்யா என்றேன்.

20 அக்டோபர்

தீபாவளி. மழை. மாடி வீட்டுப் பாண்டிமீனா அதிரசம் கொடுத்தாள். இவருக்கு ஒன்று. சரி, ஒன்றரை.

16 நவம்பர், ஞாயிறு

அலங்காநல்லூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கபடிப் போட்டி. நடுவராக வரச் சொல்லிப் பழைய மாணவன் ஒருவன் கூப்பிட்டிருந்தான். ஓட வேண்டியதில்லை, கோட்டோரம் நின்றால் போதுமாம். காலையில் வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேன்ட். போய்ட்டு வாரேன் என்றார். சரிங்க என்றேன்.

பூசைக்குப் போனேன். வந்து கோழிக் குழம்பு வைத்தேன். துணி மடித்தேன். மத்தியானம் சும்மா கட்டிலில் சாய்ந்தேன். ஏப்ரலுக்குப் பிறகு பகலில் நான் கண் அசந்ததே இல்லை.

முழிக்கும்போது வெளியே மழை பெய்து ஓய்ந்திருந்தது. அடுப்படியில் டம்ளர் சத்தம். இவர் ஈரத் தலையோடு டீ ஆற்றிக்கொண்டிருந்தார். வந்து வெகு நேரம் ஆகிவிட்டதாம். கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு, தன் சாவியைப் போட்டுத் திறந்து வந்தாராம்.

“வண்டிச் சத்தம் கூடவா கேக்கல?”

“கேக்கலீங்க.”

டீயை என் கையில் கொடுத்துவிட்டு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து போட்டிக் கதையைச் சொல்ல ஆரம்பித்தார்.