எண்ணெய்க் கடலும் குளிர்ந்த இரத்தமும்

இலவச டிவிக்கு டோக்கன் கொடுக்கிறார்கள் என்று தெருவே பள்ளிக்கூட வாசலில் போய் நின்றது. நானும் ரேஷன் கார்டை எடுத்துக்கொண்டு போனேன். கடையில் பிளாஸ்டிக் உறையோடு நீட்டித்தான் பழக்கம். இன்றைக்கு முத்திரை குத்தவேண்டும், உறையை விட்டு எடுங்கள் என்றார்கள். கார்டை உருவினேன். அதன் முதுகில் ஒட்டிக்கொண்டு, நாலாக மடித்த ஒரு தாளும் கூடவே வந்தது. பழுப்பேறிய தாள், ஓரத்தில் பசைக் கறை. முழுதும் விரிக்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது. பதினோரு வருடமாக, எந்த வெடிக்குள்ளேயோ சுருண்டு வெடித்துப்போயிருக்கும் என்று நான் நினைத்திருந்த தாள் அது.

அந்த நேரம் பார்த்து ஒருவன் வரிசையை உடைத்துக்கொண்டு முன்னால் நுழைந்தான். என் சங்கதிதான் உங்களுக்குத் தெரியுமே, வாயைத் திறந்துவிட்டேன். பின்னால் நின்ற நம் ஆலைச் செல்லத்தாய் என் கையைப் பிடித்தாள்.

"விடுங்க மதினி. அண்ணாச்சி இருந்தா, 'வரிசதான, நகந்துதான ஆகணும்'னு சொல்லிட்டு நிப்பாவ."

திறந்த வாயை மூடிக்கொண்டேன். தாளை மணிபர்சில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இப்போது அதை முன்னால் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். நீங்கள் போய் இரண்டு வருடமாகிறது. இருந்தவரை உங்களுக்கு நான் ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. ஒரே வீட்டில் இருக்கிற புருஷனுக்கு எவள் கடிதம் எழுதுவாள்?

முதன்முதலில் உங்களைப் பார்த்து நான் அசந்துபோனது நம் கல்யாணத்தன்றுதான். பந்தல் வாசலில் யாரோ கொளுத்திய சரவெடி சரிந்து மணமேடைக்குப் பக்கத்தில் வந்து வெடித்தது. தவில்காரர் தவிலோடு எழுந்துவிட்டார். நான் உங்கள் வேட்டியைப் பிடித்துக்கொண்டேன். நீங்கள் மட்டும் இருந்த இடத்தில் இருந்தீர்கள். மாலையில் வந்து விழுந்த காகிதத் துணுக்கை எடுத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, "பசை காயறதுக்கு முந்தியே மருந்து போட்டுருக்கான்" என்றீர்கள். "மாப்பிள்ளைக்குக் காது கேக்குமாட்டி?" என்று என் சித்தி என்னிடம் குசுகுசுத்தாள்.

காது கேட்டது. எனக்குத் தெரிந்து அந்த ஊரிலேயே உங்களுக்குத்தான் அதிகம் கேட்டது.

பசுவந்தனை சாலையில் கரிசல்காட்டுக்கு நடுவே இருந்த அந்தப் பட்டாசு ஆலையில் நீங்கள் போர்மேன். பிளஸ் டூ முடித்து டைப்பிங்கும் கற்றிருந்ததால், கல்யாணத்துக்குப் பிறகு எனக்கும் அங்கேயே ஆபீஸில் வருகைப் பதிவேடு எழுதுகிற வேலை கிடைத்தது. காலையில் நீங்கள் வெடிமருந்து கலக்குவதைத் தூரத்திலிருந்து பார்ப்பேன். கதர்ச் சட்டை, வெறுங்கால். அறைக்குள் போகும்முன் குனிந்து ஈரமண்ணில் உள்ளங்கையை வைத்து எடுப்பீர்கள். உடம்பில் இருக்கிற மின்சாரம் மண்ணுக்குள் இறங்கவேண்டுமாம். பிறகு சல்லடையை அசைப்பீர்கள். பிள்ளைத் தொட்டிலைக்கூட அவ்வளவு பதமாக யாரும் ஆட்டி நான் பார்த்ததில்லை. வெயில் ஏறும்முன் வேலையை முடித்து வெளியே வரும்போது அலுமினியப் பொடி பட்டு முழங்கை வரைக்கும் வெள்ளியாக மினுங்கும். ஒரு சிலை எழுந்து நடந்து வருவது போல இருக்கும். நான் பதிவேட்டில் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

வீட்டில் அதே ஆளோடு குடித்தனம் பண்ணுவது வேறு விஷயம். சண்டை போட ஆள் வேண்டாமா? நான் தட்டை நங்கென்று வைத்தால் நீங்கள் அதை ஓசையில்லாமல் கழுவி வைப்பீர்கள். "ஒங்க ஒடம்புல ஓடறது ரத்தமா, பச்சத் தண்ணியா?" என்று எத்தனை தடவை கேட்டிருப்பேன்.

அப்போதுதான் இந்தத் தாள் வந்தது. வெடிக்குழாய் சுருட்டுவதற்கு வெளிநாட்டு வேஸ்ட் பேப்பர் தூத்துக்குடி துறைமுகத்தில் இறங்கி லாரியில் வரும். எந்த ஊர்க் கணக்குப் பாடமோ, எந்த நாட்டுச் சமையல் குறிப்போ, எல்லாம் நம் ஊர்ப் பெண்கள் விரலில் சுருண்டு குழாயாகிவிடும். படம் போட்ட தாள் கிடைத்தால் பிள்ளைகளுக்கு என்று ஒதுக்குவார்கள். நீங்கள் ஒதுக்கியது படமே இல்லாத ஒரு தாள். இங்கிலீஷ் ஒரு பக்கம், வேறு ஏதோ பாஷை ஒரு பக்கம்.

"இது என்னட்டி?" என்று ஆபீஸ் ஜன்னலில் நீட்டினீர்கள்.

வாசித்துப் பார்த்தேன். ஏதோ பாடப்புத்தகத்தின் பக்கம். பதறாமல் இருப்பதற்கு இங்கிலீஷில் என்னென்ன சொல்வார்கள், அதையே பிரெஞ்சில் எப்படிச் சொல்வார்கள், அந்தப் பிரெஞ்சுக்குச் சொல்லுக்குச் சொல் என்ன பொருள் என்று வரிசையாகப் போட்டிருந்தது. மேலே கொட்டை எழுத்தில் 'காம்' என்ற ஒரே சொல், நிதானம் என்று பொருள். இதைச் சொன்னதும் நீங்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தீர்கள்.

"நிதானத்துக்கு மட்டும் ஒரு பக்கமா?"

"ஆமா. பின்பக்கமும் ஓடுது."

"அப்படின்னா அங்கன எம்புட்டு மருந்து இருக்கும்!" என்றீர்கள். கண் விரிந்திருந்தது. "நம்ம ஊர்ல நாலு வார்த்த வெச்சே ஓட்டுதோம். இத்தன வார்த்த தேவப்படுதுன்னா, பிரெஞ்சுக்காரன் ஆலை எவ்ளவு பெருசா இருக்கணும்!"

நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. நிதானம் என்பது மருந்தோடு புழங்குகிறவர்களுக்கு வேண்டிய சாமான், சல்லடை மாதிரி, ஈரச்சாக்கு மாதிரி. வேறு யாருக்கு, எதற்காக இத்தனை வேண்டியிருக்கும் என்பது உங்களுக்கு விளங்கவே இல்லை. முகமறியாத அந்தப் பிரெஞ்சுப் போர்மேன்கள்மேல் உங்களுக்குப் பெரிய மரியாதை வந்துவிட்டது.

அதற்குப் பிறகு பதினோரு மணி டீக்கு நாளுக்கொரு வரி. ஆலைக்குள் அடுப்பு மூட்டக்கூடாது என்பதால் கடையிலிருந்து தூக்குவாளியில் வரும் டீயை வாங்கிக்கொண்டு கேட்டுக்கு வெளியே உட்காருவோம். நான் வாசிக்க, நீங்கள் தலையாட்டுவீர்கள். வெள்ளரிக்காய் மாதிரிக் குளிர்ந்திருப்பவன் என்று இங்கிலீஷ்காரன் சொன்னதைப் பிரெஞ்சுக்காரன் ஒலிம்பஸ் மலைச்சாமியின் அமைதி என்கிறான் என்றதும், "கழுகுமலை முருகனும் அப்படித்தான இருக்காரு" என்றீர்கள். தலையைக் குளிர்ச்சியாக வைத்துக்கொள் என்பது இரண்டு பாஷையிலும் ஒன்றாகவே இருந்தது. "சனிக்கெழம எண்ணெ தேக்கிறவன் போல." முடியைத் தலையிலேயே வைத்துக்கொள் என்று ஒன்று, கோபக்காரரை அடக்க இங்கிலீஷ்காரன் சொல்வது. "இது ஒனக்குள்ளது, நீயே வெச்சுக்க" என்று என் கொண்டையைப் பார்த்துச் சொன்னீர்கள்.

அலையே இல்லாத கடலைப் பிரெஞ்சுக்காரன் எண்ணெய்க் கடல் என்கிறான் என்றபோது மட்டும் நீங்கள் கையில் இருந்த டீயைக் குடிக்க மறந்துவிட்டீர்கள். டீ ஆறிப்போனது. "ஒருநா பாக்கணும்" என்றீர்கள். கவலையில்லாமல் தூங்குவதற்கு, இரண்டு காதின்மேலும் படுத்துத் தூங்குவது என்று பிரெஞ்சில் இருந்தது. அதை நீங்கள் ஒப்புக்கொள்ளவில்லை. "ஒரு காது மேல இருக்கணும்லா? இடி கேக்கணும்லா?"

இடிதான் நம்முடைய எமன். ஐப்பசியில் வேலை மும்முரமாக இருக்கும்போதுதான் மேற்கே கருக்கும்.

அந்த வருடம் ஒரு நாள் மத்தியானம் நான் பதிவேட்டை எடுத்துக்கொண்டு மூன்றாம் அறை வாசலுக்குப் போயிருந்தேன். முதல் இடி கேட்டால் எல்லாரும் கையில் இருப்பதை வைத்துவிட்டு வெளியேறவேண்டும் என்பது விதி. அன்றைக்கு முதல் இடியே மின்னலோடு இறங்கியது. கடைசியில் இருந்த, வெடி காயப்போடுகிற களம் பற்றிக்கொண்டது. காது அடைத்துப்போய், ஒரு நிமிஷம் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பிறகு என் குரல்தான் கேட்டது. "ஓடுங்க! ஓடுங்க!" என்று கத்திக்கொண்டிருந்தேன். பெண்கள் அறை அறையாக வெளியே வந்து முட்டிக்கொண்டார்கள். ஒருத்தி விழுந்தாள்.

அப்போது நீங்கள் வந்தீர்கள். நடந்து வந்தீர்கள். பொறி பறந்துகொண்டிருக்கிற இடத்தில், ஞாயிற்றுக்கிழமை கறி வாங்கப் போகிறவர் போல நடந்து வந்தீர்கள். கையை மட்டும் உயர்த்தி, உப்புக் கேட்கிற குரலில் சொன்னீர்கள்: "யாரும் ஓடாதீக. நடங்க. கல்லு மண்ணு பாத்து நடங்க."

அத்தனை பேரும் நடந்தார்கள். எனக்கு இன்றும் மயிர்க்கூச்செறிகிறது. எழுபது எண்பது பேர், பின்னால் களம் வெடித்துக்கொண்டிருக்க, வரிசையாக நடந்து வெளியே போனார்கள்.

நீங்கள் எதிர்ப்பக்கம் நடந்தீர்கள். நான்காம் அறையில் செல்லத்தாய் மருந்துத் தட்டை மடியில் வைத்தபடி அப்படியே உறைந்திருந்தாள். அவளிடம் போவதற்கு என்னைத் தாண்டித்தான் போகவேண்டும். இரண்டு முழத் தூரத்தில் என்னைத் தாண்டினீர்கள். என் பக்கம் திரும்பவில்லை. ஒரு பார்வைகூட இல்லை.

"செல்லத்தாயி, தட்ட எங்கிட்ட குடு. சேலைய ஒதறாத. மெல்ல எந்திரி." அவள் கையைப் பிடித்துக் கூட்டிவந்தீர்கள். வரப்பு தாண்டியபோதுதான் மழை இறங்கியது. மறுநாள் காலையில் நான்காம் அறை வாசற்படியைப் பார்த்தேன். கருகிய பொறிகள் மொச்சைப் பயறு போலச் சிதறிக் கிடந்தன. நிலையைத் தாண்டி ஒன்றுகூட உள்ளே போகவில்லை. நீங்கள் ஈரச்சாக்கால் அவற்றைக் கூட்டி வாளியில் அள்ளிக்கொண்டிருந்தீர்கள்.

ஊரே உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டது. நான் மட்டும் கும்பிடவில்லை. எனக்கு மனதில் நின்றது அந்த இரண்டு முழத் தூரம்தான்.

"நான் நின்னேன்லா அங்கன? ஒரு பார்வ பாத்தீங்களா?" என்று சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டேன். நீங்கள் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தீர்கள். அது எனக்கு நெருப்பாக இருந்தது. அந்தத் தாளை எடுத்துவந்து, அதுவரை வாசிக்காமல் வைத்திருந்த வரியை வாசித்தேன். பதறாத தன்மைக்குப் பிரெஞ்சில் என்ன பெயர் தெரியுமா? குளிர்ந்த இரத்தம். இங்கிலீஷ்காரனும் அந்தச் சொல்லை அப்படியே வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறான். "ஒங்களப் பாத்துத்தான் எழுதிருக்கான்" என்று தாளை உங்கள் முன்னால் எறிந்தேன்.

நீங்கள் விரலால் அந்த வரியைத் தொட்டு, "எது, இதா?" என்று கேட்டீர்கள். ஆமாம் என்றேன். தாளை மடித்து எடுத்துக்கொண்டு போனீர்கள். அந்தத் தீபாவளி முழுக்க நான் உங்களோடு பேசவில்லை. பிறகு பேசினேன், சிரித்தேன், குடித்தனம் நடந்தது. ஆனால் பதினோரு மணி டீக்கு நீங்கள் ஒரு வரிகூட மறுபடி கேட்கவில்லை. நானும் தாள் எங்கே என்று கேட்கவில்லை. என் புருஷனுக்கு நான் எண்பதில் ஒருத்தியா என்ற கேள்வி மட்டும் எனக்குள் உட்கார்ந்துகொண்டது.

ஆலையை விட்டு நின்ற பிறகு, உங்கள் மூச்சிரைப்புக்காகத் தூத்துக்குடி டாக்டரிடம் போனோமே, அந்த நாள். மூன்று மணிக்குத்தான் ரிப்போர்ட் என்றார்கள். பொழுது போகாமல் கடற்கரையில் போய் உட்கார்ந்தோம். காற்றே இல்லை. கடல் ஒரு சுருக்கம் இல்லாமல் கிடந்தது. நீங்கள் என் முழங்கையை இடித்தீர்கள்.

"ஏட்டி, அந்தா பாரு. எண்ணெக் கடலு."

எத்தனையோ வருடம் கழித்து அந்தச் சொல் உங்கள் வாயில் வந்தது. கேட்டுவிட்டேன். "அன்னைக்கு ஏன் என்னையப் பாக்கல?"

நீங்கள் கடலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னீர்கள்.

"ஒன்னையப் பாத்திருந்தேம்னா ஓடிருப்பேன்ட்டி. நான் ஓடிருந்தா எல்லாரும் ஓடிருப்பாக."

அவ்வளவுதான். பிறகு, சுண்டல் வாங்கட்டுமா என்று கேட்டீர்கள். நான் சுண்டலைக் கையில் வைத்துக்கொண்டு உங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு பெரிய ஆளோடு இத்தனை வருடம் தட்டை நங்கென்று வைத்துக் குடித்தனம் பண்ணியிருக்கிறேன் என்று மலைப்பாக இருந்தது.

இன்று வீட்டுக்கு வந்து தாளை முழுதும் விரித்தேன். ரேஷன் கார்டுக்குப் பின்னால், இந்த வீட்டில் எதையும் பத்திரமாக வைக்க உங்களுக்குத் தெரிந்த ஒரே இடத்தில், இத்தனை காலம் வைத்திருந்திருக்கிறீர்கள். உங்களுக்கு இங்கிலீஷ் எழுத்துத் தெரியாது. ஆனால் அன்று விரலால் தொட்ட வரி ஞாபகம் இருந்திருக்கிறது. குளிர்ந்த இரத்தம் என்ற அந்த வரிக்குப் பக்கத்தில், ஆலையில் குழாய்க்கு அளவு குறிக்கிற பென்சிலால், உங்கள் கோணல் எழுத்தில் தமிழில் ஒரே ஒரு வார்த்தை எழுதியிருக்கிறீர்கள்.

'பொய்.'

எப்போது எழுதினீர்களோ தெரியவில்லை. நான் பேசாமல் இருந்த அந்தத் தீபாவளியிலா? என்னிடம் வாயால் சொல்லியிருக்கலாமே என்று முதலில் கோபம்தான் வந்தது. பிறகு வெகுநேரம் அழுதேன்.

எழுதிக்கொண்டிருக்கும்போதே மேற்கே உறுமுகிறது. மாடியில் வற்றல் காய்கிறது. முன்பென்றால் கத்திக்கொண்டு ஓடியிருப்பேன். இப்போதெல்லாம் நடந்துதான் போகிறேன். படிக்கட்டுக்குப் போக உங்கள் படத்தைத் தாண்டித்தான் போகவேண்டும், இரண்டு முழத் தூரம்தான். அந்தப் பக்கம் திரும்பமாட்டேன். திரும்பினால் ஓடிவிடுவேன்.