பெரியவளின் பெயர்

மார்ச் 4, செவ்வாய்

இன்று கடையில் அறுபத்திரண்டு சட்டைப் பைகளில் பெயர் தைத்தேன். எல்லாம் ஒரே பள்ளிக்கூடத்துச் சட்டைகள். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பெயர் தைக்கிறவள் வீட்டில் ஒரு பெயருக்கு அடிதடி.

வயிற்றில் இருப்பது பெண்ணாக இருந்தால் பழைய பெயரையே வைக்க வேண்டும் என்கிறார் இவர். போன வருடம் எட்டாம் மாதத்தில் மூச்சில்லாமல் பிறந்தாளே, அவளுக்காக நாங்கள் இரண்டு பேரும் ஆசை ஆசையாய்த் தேர்ந்தெடுத்து வைத்திருந்த மூன்றெழுத்துப் பெயர்.

"அது பெரியவ பேருங்க," என்றேன்.

"பெரியவளாவது, சின்னவளாவது. அவதான் திரும்பி வர்றா."

"பையனா இருந்தா?"

"அப்ப உன் இஷ்டம். பட்டாணின்னுகூட வையி."

சிரித்துவிட்டேன். சிரித்ததை நினைத்தே அப்புறம் அழுகை வந்தது.

அந்தப் பெயரை இந்த நோட்டில் எழுதமாட்டேன். நாள் முழுக்கப் பெயர்களோடுதான் மாரடிக்கிறேன். அது ஒன்றாவது சும்மா இருக்கட்டும்.

மார்ச் 9, ஞாயிறு

அத்தை வந்திருந்தார். மகன் போட்ட தாளத்துக்கு ஆட மாமியாருக்குச் சொல்லித்தர வேண்டுமா? "அவ்வளவு ஆசையா வச்ச பேரை யாராவது வீணாக்குவாங்களா?" என்கிறார்.

வீணா? அது என்ன போட்டுக்கொள்ளாத கவுனா, அடுத்த பிள்ளைக்கு எடுத்து மாட்டிவிட?

வெங்காயம் நறுக்கினேன். வெங்காயம் ஒரு வசதி.

மார்ச் 22, சனி

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. பெயர் தைக்கக் கொடுக்கிறவர்கள் தங்கள் கையாலேயே சீட்டில் எழுதித் தர வேண்டும். பிழை வந்தால் எங்கள் தலை உருளாது. நாங்களும் அதைப் பெயராகப் படிப்பதில்லை. ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்துக்கொண்டே போவோம். இத்தனை வருடத்தில் அப்படியே பழகிவிட்டது.

மதியம் குழந்தையைச் சுற்றுகிற வெள்ளைத் துணி ஒன்று வந்தது. இளம்பச்சை நூல். முதல் எழுத்து முடிந்து, இரண்டாவதில் பாதி போன பிறகுதான் சீட்டை முழுசாகப் பார்த்தேன். இவர் கையெழுத்து. அந்தப் பெயர். நானே தைத்துக்கொண்டிருக்கிறேன்!

முதலாளியம்மா தலையில் அடித்துக்கொண்டார். "உன்கிட்ட மட்டும் குடுத்துடாதீங்கன்னு உன் வீட்டுக்காரர் படிச்சுப் படிச்சுச் சொன்னாரு. பிரசவம் ஆனதும் காட்டணுமாம். மறந்து தொலைச்சுட்டேம்மா."

பிரித்தெடுத்தேன். நூல் வந்துவிட்டது, ஊசித் துளைகள் போகவில்லை.

வீட்டுக்கு வந்து துணியை மேசைமேல் போட்டேன். கத்துவதற்குத் தயாராக இருந்தேன். இவர் துளைகளைத் தடவிக்கொண்டே சொன்னார்: "ஒரு தடவகூட அந்தப் பேரைச் சொல்லி யாரையும் கூப்பிடலடி."

நானும்தான் கூப்பிடவில்லை. ஆனால் அவளிடம் இருப்பது அது ஒன்றுதான். அதையும் பிடுங்கித் தங்கைக்குக் கொடுத்துவிட்டால், அப்புறம் அவள் யார்?

ஏப்ரல் 3, வியாழன்

எட்டாம் மாதம் பிறந்துவிட்டது. பயமாக இருக்கிறது.

ஏப்ரல் 11, வெள்ளி

டாக்டரம்மா பழைய ஃபைலைக் கொண்டுவரச் சொன்னார். அலமாரியில் தேடி எடுத்தேன். உள்ளே நான் பார்த்தே இராத ஒரு காகிதம். அவளை அடக்கம் செய்வதற்காக இவர் எழுதிக் கொடுத்த படிவத்தின் நகல். தகப்பன் பெயர் இருக்கிறது, தாய் பெயர் இருக்கிறது. குழந்தையின் பெயர் என்ற இடத்தில் ஒரு கோடு. கீழே இவர் கையெழுத்து.

சாயங்காலம் கேட்டேன்.

"பேனாவ நீட்டினாங்க. எழுதினா பேரும் அந்தக் காகிதத்தோட போயிடும்னு தோணுச்சு. கோடு போட்டுட்டேன்."

"அப்ப உங்க மக பேரு கோடுதான். இத்தனை நாளா எனக்குத்தான் தெரியல," என்றேன்.

ஐயோ, என்ன வாய் இது. சொல்லியிருக்க வேண்டாம். சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 12, சனி

சாப்பிடாமலே போய்விட்டார். லிஃப்ட் ரிப்பேர் செய்கிற ஆள், இந்த மனநிலையோடு கயிற்றையும் சக்கரத்தையும் தொடலாமா? போன் செய்ய எடுத்தேன். வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 24, வியாழன்

இவர் இன்று அரை நாள் லீவு போட்டுவிட்டு, என்னிடம் சொல்லாமல் கொள்ளாமல் பதிவு அலுவலகத்துக்குப் போயிருக்கிறார். கோட்டை எடுத்துவிட்டுப் பெயரை எழுத முடியுமா என்று கேட்க.

"ஒரு வருஷம் தாண்டிடுச்சாம். இனிமே திருத்த முடியாதாம்." ஷூவைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "மூணு ஜன்னல்ல மாத்தி மாத்தி நிக்க வச்சாங்க. ஒவ்வொரு ஜன்னல்லயும் குழந்தை பேரு என்னன்னு கேட்டாங்க. சொன்னேன்."

ஷூ முனையைப் பார்த்துக்கொண்டே, "மொத மொதல்ல வாய்விட்டுச் சொன்னது அங்கதான்," என்றார்.

ஷூவை நான் கழற்றிவிடப் பார்த்தேன். வயிறு குனிய விடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். அவ்வளவுதான் முடிந்தது.

மே 14, புதன்

பெண். அழுதாள். பிறந்த உடனேயே அழுதாள்.

மே 19, திங்கள்

வீட்டுக்கு அனுப்புமுன் நர்ஸ் பதிவுப் படிவத்தைக் கொண்டுவந்து இவரிடம் பேனாவை நீட்டினார். இவர் என்னைப் பார்த்தார். எழுதினால் எழுதட்டும் என்றுதான் இருந்தேன். மூன்று ஜன்னலில் நின்ற மனிதரிடம் நான் இன்னும் என்ன சண்டை போடுவது?

எழுதினார். நான் ஒரு சாயங்காலம் சும்மா சொல்லிப் பார்த்த வேறு பெயர். அது இவருக்கு நினைவிருக்கும் என்றுகூட நான் நினைக்கவில்லை. எழுதி முடித்ததும் முகம் கழுவி வருகிறேன் என்று வராந்தாவுக்குப் போனார். வெகுநேரம் வரவில்லை.

நான் கேட்டதுதான் நடந்தது. கொஞ்சம்கூடச் சந்தோஷமாக இல்லை.

ஜூன் 8, ஞாயிறு

மதியம் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். இவள் இரண்டு வாய் குடிப்பாள், தூங்கிவிடுவாள். கன்னத்தைத் தட்டி எழுப்ப வேண்டும். இவர் எதிரே கட்டிலில் துணி மடித்துக்கொண்டிருந்தார். நானும் அரைத் தூக்கத்தில்தான் இருந்தேன். கன்னத்தைத் தட்டிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்.

மூன்றெழுத்து. அந்தப் பெயர்.

இத்தனை சண்டை போட்டவள், நான்தான் கூப்பிட்டேன். எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது! வாயிலேயே இவ்வளவு நாள் காத்துக்கொண்டிருந்திருக்கிறது.

மடித்துக்கொண்டிருந்த கை நின்றது. பார்த்தாயா என்பார், இதற்குத்தானே நானும் ஆசைப்பட்டேன் என்பார் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

எழுந்து வந்தார். தோளில் அந்தத் துளை விழுந்த வெள்ளைத் துணியைப் போட்டு, குழந்தையை வாங்கிச் சாய்த்து முதுகைத் தட்டினார். எனக்குக் கண்ணீர் நிற்கவில்லை.

"அது பெரியவ பேரும்மா," என்றார். "இவ சின்னவ."