இரண்டு மணி போட்டோவில் நிற்கிற அஞ்சலைக்கு

என் அஞ்சலை அக்கா,

ஆறு மாதம் என் முகத்தையே பார்க்காமல் இருந்தவள் நீ. குழாயடிக்கு நான் வந்தால் பாதி நிரம்பிய குடத்தோடு போய்விடுவாய். இப்போது உன்னால் எழுந்து போக முடியாது. அதனால்தான் பேசுகிறேன். நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். ஊரறியச் சண்டை போட்டவர்கள்தானே நாம்? பேச வேண்டியதை மட்டும் ஏன் ரகசியமாகப் பேச வேண்டும்?

படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அஞ்சலை என் கணவருடைய அண்ணன் மனைவி. என் ஓரகத்தி. திண்டிவனத்துக்கும் மயிலத்துக்கும் இடையில் எங்கள் ஊர். ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். போன வைகாசியில், ஏரி வாய்க்காலில் வேலை செய்துகொண்டிருந்தபோது இறந்துபோனாள். ஊர் அதை மாரடைப்பு என்கிறது. நான் அப்படிச் சொல்லமாட்டேன்.

முதலில் அந்தப் புயலைப் பற்றிப் பேசிவிடுவோம். நீ உயிரோடு இருந்தவரை அதை என் வாயால் கேட்கவேண்டும் என்றுதானே பிடிவாதமாக இருந்தாய்?

கார்த்திகைக் கடைசியில் வந்த அந்த மழை, மழை மாதிரியே இல்லை. யாரோ மேலே நின்று மதகைத் திறந்துவிட்டது போல ஒரே இடத்தில் நின்று கொட்டியது. விடிந்து பார்த்தால் வாய்க்கால் எது, ரோடு எது என்று தெரியவில்லை. தண்ணீர் கொல்லைப்பக்கமாக ஏறி வந்தது. என் வீட்டுக்காரர் மணல் மூட்டைகளை அடுக்கினார். தண்ணீர் எங்கள் கொல்லையை விட்டு உங்கள் கொல்லைக்குத் திரும்பியது. விதைக்கென்று உள்ளறையில் நீ வைத்திருந்த மல்லாட்டைக் கடலை அத்தனையும் ஊறிப்போனது.

முழங்கால் தண்ணீரில் நீ வந்து நின்றாய்.

"ஏன்டி, தண்ணிய என் வூட்டுக்குத் திருப்பி உட்டுட்டு நீ காஞ்ச தரையில குந்திக்கினு இருக்கியா?"

"புயலுக்கு நானா பொறுப்பு? உன் வூடு பள்ளத்துல இருக்குது. அதுக்கு நான் இன்னா பண்றது?" என்றேன்.

பொய் சொன்னேன் அக்கா. மூட்டையின் வாயைப் பிடித்துக்கொண்டு நின்றதே நான்தான். தண்ணீர் எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். அவரும் கேட்டார், "அண்ணன் வூட்டுக்குப் போயிடுமே?" என்று. "மொதல்ல நம்ம வூட்ட பாருங்க" என்று சொன்னவள் நான். இதை உன்னிடம் சொல்ல எனக்கு ஆறு மாதம் கிடைத்தது. சொல்லவில்லை.

விதை போனதால் மார்கழிப் பட்டத்தில் உன் நிலம் கரம்பாகக் கிடந்தது. அதனால்தான் நீ வாய்க்கால் வேலைக்கு வந்தாய். புயல் தூர்த்த வாய்க்காலைத் தூர்வார சென்னையிலிருந்து ஒரு அறக்கட்டளை ஆள் சேர்த்தது. நான் பன்னிரண்டாவது படித்தவள், நல்ல போன் வைத்திருக்கிறவள் என்று என்னைப் பொறுப்பாளர் ஆக்கினார்கள். காலை ஒன்பது மணிக்கு ஒரு போட்டோ, மதியம் இரண்டு மணிக்கு ஒரு போட்டோ. இரண்டிலும் முகம் தெரிந்தால்தான் அன்றைக்கு ஆஜர். வேலை பன்னிரண்டுக்கே முடிந்தாலும் இரண்டு மணி வரை அங்கேயே கிடக்கவேண்டும்.

கரையில் இருந்த புங்க மரங்கள் எல்லாம் அந்தப் புயலிலேயே சாய்ந்துவிட்டன. மிச்சம் இருந்தது ஒரே ஒரு வேலிக்காத்தான் மரம். அதன் நிழலில் பத்துப் பேர் உட்கார்ந்தால் பதினோராவது ஆளுக்கு வெயில்தான்.

சித்திரை பிறந்ததிலிருந்தே நான் இன்ஜினியரிடம் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். அவர் அந்த வேலையின் மேற்பார்வையாளர். தினமும் காரில் வந்து கண்ணாடியைப் பாதி இறக்கிப் பேசுவார்.

"சார், காலைல ஆறு மணிக்கே வந்து பதினோரு மணிக்கு உட்டுடலாங்களா? பொம்பளைங்க தாங்க மாட்டேங்கறாங்க."

"வெயில்னா வெயில்தாம்மா. எந்த வருஷம் அடிக்கல? சித்திரையில பனியா கொட்டும்? ரெண்டு மணி போட்டோ இல்லன்னா மேல நான் பதில் சொல்லணும்."

"சரிங்க சார்" என்றேன்.

இந்த இரண்டு வார்த்தைகளை நினைத்தால் என் வாயைச் சுட்டுக்கொள்ளலாம் போல இருக்கிறது.

அன்றைக்குக் காற்றே இல்லை. முதல் நாள் இரவும் புழுங்கிக்கொண்டேதான் இருந்தது, யாருமே சரியாகத் தூங்கியிருக்கவில்லை. பன்னிரண்டு மணிக்கு எல்லோரும் அந்த மரத்தைச் சுற்றி முடிந்தவரை ஒண்டிக்கொண்டோம். தண்ணீர்க் கேன் என் பக்கத்தில் இருந்தது. நான் இருக்கிறேன் என்பதற்காகவே நீ வரவில்லை. தூரத்தில் மண் குவியல் மேல் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். நம்மோடு வேலை செய்த செல்வியிடம் சொம்பில் தண்ணீர் கொடுத்து அனுப்பினேன். செல்வி திரும்பி வந்து, "அவ குடுத்த தண்ணியா, எனக்குத் தாகமில்லன்னு சொல்லுது" என்றாள்.

தாகமில்லையா அக்கா? அந்த வெயிலில்? என்மேல் இருந்த கோபம் உனக்கு அவ்வளவு பெரிதா? இதற்காக உன்னை நான் இன்னும் திட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். ஒரு சொம்புத் தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டு அந்தச் சொம்பை என் தலையில் எறிந்திருக்கலாமே?

ஆனால் நான் எழுந்து வரவில்லை, அதுவும் உண்மை. 'திமிரைப் பாரு' என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த ஐம்பதடி தூரத்தை நான் நடக்கவில்லை.

இரண்டு மணிக்கு, "எல்லாரும் வாங்க, போட்டோ!" என்று கத்தினேன். நீ எழுந்தாய். கால் பின்னியது. என்னைப் பார்த்து வேண்டுமென்றே அலட்சியமாக நடக்கிறாய் என்று நினைத்தேன். வரிசையின் கடைசியில் வந்து நின்றாய். எடுத்தேன். போனை நான் பைக்குள் வைப்பதற்குள் செல்வி அலறினாள்.

உன்னைத் தூக்கும்போது உன் உடம்பு தோசைக்கல்லாகக் காய்ந்தது. ஒரு சொட்டு வியர்வை இல்லை. கேனில் இருந்த தண்ணீரையெல்லாம் உன்மேல் ஊற்றினோம். ஷேர் ஆட்டோவில் போட்டுக்கொண்டு கூட்டுரோட்டு கிளினிக்குக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்த டாக்டரம்மா சின்னப் பெண். நாடி பிடித்துப் பார்த்தாள். கண்ணைத் திறந்து பார்த்தாள்.

"உயிர் வழியிலயே போயிடுச்சும்மா. வெயில்தான். வேர்வை நின்னு, உடம்பு உள்ளுக்குள்ளயே வெந்து போயிருக்கு. கொஞ்சம் முன்னாடியே நிழல்ல படுக்கவெச்சுத் தண்ணி ஊத்தியிருந்தீங்கன்னா..."

அவள் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. நான் தினமும் முடித்துக்கொண்டிருக்கிறேன்.

இன்ஜினியர் வந்தார். இந்த முறை காரை விட்டு இறங்கினார். டாக்டரம்மா அடுத்த நோயாளியைப் பார்க்க உள்ளே போன நேரம் பார்த்து உன் வீட்டுக்காரரின் தோளில் கை போட்டார். "ஏற்கனவே பி.பி. இருந்துதில்ல? போஸ்ட்மார்ட்டம் அது இதுன்னு போனா பேஜாரு. உடம்ப அறுப்பாங்க. ஜல்தியா வூட்டுக்கு எடுத்துக்கினு போங்க." மாமா அழுதுகொண்டே தலையாட்டினார். இறப்பைப் பதியும்போது அவர்கள் இருவரும் சேர்ந்து, வீட்டில் இருக்கும்போது மாரடைப்பு வந்தது என்று எழுதிக்கொடுத்தார்கள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். வாயைத் திறக்கவில்லை. மூட்டை விஷயம், 'சரிங்க சார்', இது மூன்றாவது தடவை.

உன் காரியம் முடிந்த மறுநாள் கௌரியிடம் போனேன். உன் மகள் திண்டிவனம் காலேஜில் பி.எஸ்சி. கடைசி வருஷம் என்று படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். "புயல் வந்து நம்மளப் பிரிச்சுது. வெயில் வந்து உங்கம்மாவக் கொண்டுபோச்சு. ரெண்டும் ஒண்ணுதானா கௌரி? டிவியில பருவநிலை மாற்றம்னு சொல்றாங்களே, அதுதானா?" என்று கேட்டேன்.

உன் பெண்ணுக்கு உன் வாய் அப்படியே வந்திருக்கிறது.

"ஏன் சித்தி என்னக் கேக்கற? ஆமான்னு நான் சொன்னா உன்மேல தப்பில்லன்னு ஆயிடும், அதுக்குத்தான?"

 எழுந்து வந்துவிடலாம் என்று பார்த்தேன். அவளே தொடர்ந்தாள்.

"ஒரு நாள் வெயிலக் காட்டி, இது அதனாலதான்னு சும்மா கைநீட்டிச் சொல்லிட முடியாது. வெயிலும் புயலும் எப்பவும் வந்ததுதான். ஆனா கடலும் காத்தும் வருஷக்கணக்கா கொஞ்சம் கொஞ்சமா சூடேறிக்கினே இருக்குது. சூடான கடல்லருந்து காத்து இன்னும் நெறைய தண்ணிய வாரிக்கினு வருது, வந்து கொட்டுது. வெயிலும் அப்படித்தான். உலை எப்பவும் கொதிக்கற பக்குவத்துலயே இருந்தா, பொங்கறதுக்கு ஒரு சுள்ளி போதுமில்ல? முன்னெல்லாம் எப்பவோ ஒருவாட்டி வந்த வெயிலு இப்ப அடிக்கடி வருது, வந்தா முன்னவிட அதிகமா வருது. அவ்ளோதான் கணக்கு."

அப்புறம் என்னை நேராகப் பார்த்துக் கேட்டாள்: "உலகத்தச் சூடாக்குனவன் எங்கயோ இருக்கான் சித்தி. எங்கம்மாவ அந்தச் சூட்டுல ரெண்டு மணி வரைக்கும் நிக்கவெச்சது யாரு?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல இடம் தானாகவே வந்தது.

அடுத்த மாதம் சுற்றுச்சூழல் தினம் என்று அந்த அறக்கட்டளை வாய்க்கால் கரையிலேயே மேடை போட்டது. மேடைக்கு மட்டும் பந்தல். நாங்கள் ஒன்பது மணிக்கே வந்து, ஆளுக்கொரு மரக்கன்றைக் கையில் பிடித்துக்கொண்டு வெயிலில் வரிசையாக நிற்கவேண்டும். சிறப்பு விருந்தினர் வரும்போது பதினொன்றரை. பந்தலில் உட்கார்ந்து இளநீர் குடித்துவிட்டுப் பேசினார்.

"போன வருஷப் புயலும் இந்த வருஷ வெயிலும் சாதாரணமாக வந்தவை அல்ல. பருவநிலை மாற்றத்தின் விளைவுகள். இதற்கு நாம் எல்லோரும் பொறுப்பேற்க வேண்டும்."

இன்ஜினியர் முதல் ஆளாகக் கை தட்டினார். அதே ஆள் அக்கா! வாய்க்காலுக்குள் நாம் நிற்கும்போது அது எல்லா வருஷமும் அடிக்கிற வெறும் வெயில். மேடைக்கு ஏறினால் அதுவே உலகத்துப் பிரச்சினை. நிழல் கேட்டால் 'எப்பவும் உள்ளதுதானே' என்கிறார்கள். செத்துப்போனால் 'எல்லோரும் பொறுப்பு' என்கிறார்கள். எல்லோரும் என்றால் யார்? மல்லாட்டை போட்டுப் பிழைத்தவளும், ஏசி காரில் கண்ணாடியைப் பாதி இறக்கியவனும் ஒன்றா?

என் கையில் இருந்த கன்றைக் கீழே வைத்துவிட்டு மேடையேறினேன். நன்றி சொல்ல வருகிறாள் என்று நினைத்து மைக்கைக் கொடுத்துவிட்டார்கள்.

"ஐயா, நீங்க சொல்றது நெஜம். வெயிலு முன்ன மாதிரி இல்ல. அது தெரிஞ்சிக்கினே எங்கள ரெண்டரை மணி நேரமா வெயில்ல நிக்கவெச்சிருக்கீங்க. போன மாசம் இதே எடத்துல எங்க அக்கா அஞ்சலை வெயிலால செத்துப்போச்சு. மாரடைப்பு இல்ல, வெயிலு. போட்டோவுக்காக நிக்கச் சொன்னது நான்தான். எங்கிட்ட நிக்கவெக்கச் சொன்னது இந்த இன்ஜினியரு."

இன்ஜினியர் மைக்கைப் பிடுங்கினார். அதற்குள் செல்வி கன்றோடு நடந்து போய் பந்தலுக்குள், விருந்தினர் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். அவள் பின்னாலேயே எல்லோரும். நாற்பது பெண்கள், நாற்பது கன்று. விருந்தினர் எழுந்து நிற்க வேண்டியதாகிவிட்டது. அவர் எங்கள் முகங்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். திரும்பிக் காருக்குப் போனார்.

மறுநாளே என்னைப் பொறுப்பாளர் வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். போகட்டும். இப்போது நானும் மண்வெட்டியோடுதான் இறங்குகிறேன். என் இடத்துக்கு வந்த பெண் முதல் நாளே இரண்டு மணி போட்டோவுக்குக் கூப்பிட்டாள். ஒருத்தியும் எழுந்து போகவில்லை. அடுத்த நாளும் போகவில்லை. நான்காம் நாள் இன்ஜினியர் வந்து, இனிமேல் ஆறு மணியிலிருந்து பதினொன்று வரை என்று தானே யோசித்துக் கண்டுபிடித்தது போலச் சொல்லிவிட்டுப் போனார். இதற்கு உன் உயிர் தேவைப்பட்டது அக்கா. இதில் சந்தோஷப்பட எனக்கு மனம் வரவில்லை.

மற்ற செய்திகளும் நல்லதாக இல்லை. அண்ணன் தம்பி இருவரும் இன்னும் பேசுவதில்லை. மூட்டை பிடித்த விஷயத்தை மாமாவிடம் நேரில் சொன்னேன். "தெரியும் போ" என்றார். அவ்வளவுதான். கௌரி என்னோடு பேசுகிறாள். பிரியத்தில் இல்லை, வேலை இருப்பதால். அதுவே எனக்குப் போதும்.

வேலை இதுதான். நானும் அவளும் விழுப்புரம் கலெக்டர் ஆபீசுக்குத் திங்கட்கிழமைதோறும் மனு கொடுக்கப் போகிறோம். மூன்று முறை போய்விட்டு வந்தோம். நீ இறந்ததற்குக் காரணம் வெயில் என்று மாற்றி எழுதவேண்டும் என்பதுதான் மனு. உடம்பை எரித்த பிறகு நிரூபிப்பது கஷ்டம் என்று அங்கே ஒருவர் பொறுமையாகவே எடுத்துச் சொன்னார். அந்த டாக்டரம்மா எழுதிக்கொடுக்கச் சம்மதித்திருக்கிறாள். என் போனில் இருந்த அந்த இரண்டு மணி போட்டோவையும் சேர்த்திருக்கிறோம். கடைசியில் நிற்கிறாய். கண் எங்கேயோ பார்க்கிறது. வீட்டில் மாரடைப்பு வந்தவள் வாய்க்காலில் எப்படி நிற்பாள்? நேரம் அதிலேயே பதிந்திருக்கிறது. மாமா கையெழுத்துப் போட மறுக்கிறார். "போனவள ஏன்டி மறுபடியும் ஆபீஸ் ஆபீஸா இழுத்துக்கினு அலையற?" என்கிறார்.

ஏன் என்றால், காகிதத்தில் வெயிலால் ஒரு சாவும் இல்லை என்றால், அடுத்தவளையும் நிற்கவைப்பார்கள். அதற்குத்தான்.

என்னை மன்னித்துவிடு என்று கேட்க நான் எழுதவில்லை. நீ மன்னிக்கிறவளும் இல்லை. ஆனால் ஒரு வாக்குக் கொடுக்கிறேன். உன் பெயருக்கு நேரே 'வெயில்' என்று எழுதும் வரைக்கும் திங்கட்கிழமை பஸ்ஸை நான் விடமாட்டேன். எழுதாமலே போனாலும், வருகிற சித்திரையில் இந்த ஊரில் ஒருத்தியும் இன்னொருத்தர் போட்டோவுக்காக வெயிலில் நிற்கமாட்டாள். நிற்கச் சொல்கிறவன் முதலில் என்னிடம் வந்து பேசட்டும்.

உன்னோடு சண்டை போடும் உரிமையை இன்னும் விட்டுக்கொடுக்காத,
உன் ஓரகத்தி
வசந்தா